2023 ஃபுட்பால் சீசன்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது, இந்த வருடம் அது நடக்காது. நாம் ரசிகர்களாக இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணி ஆடிய 15 ஆட்டங்களையும் ஜெயித்து தேசியப் பட்டத்தைப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்குக் கொண்டுவந்திருக்கிறது, 1997-க்குப் பிறகு முதல் தடவையாக.

செப்டம்பர், அக்டோபர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ஒன்பது ஆட்டங்களில் எந்த அணியும் நமக்கு எதிராக 13 புள்ளிக்கு மேல் எடுக்கவில்லை. அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் மைதானத்திலேயே 49-0 என்று வென்றோம்.

நவம்பரில்தான் சோதனை வந்தது. பென் ஸ்டேட் ஆட்டத்துக்கு முந்தைய நாள், எதிரணிகளின் சைகைகளைத் திருடிய விவகாரத்தில் நம் கோச் ஜிம் ஹார்பாவுக்கு, நம் அணி ஆடும் லீக்கான பிக் டென் மூன்று ஆட்டத் தடை போட்டது. அவர் இடத்தில் நின்ற உதவிக் கோச் ஷெரோன் மூர் இரண்டாம் பாதியில் பந்தை வீசவே விடவில்லை, வரிசையாக 32 முறை பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஓட்டம்தான், 24-15 என்று ஜெயித்தோம். ஆட்டம் முடிந்து டிவி முன்னால் அவர் அழுததைப் பார்த்து நம் கூட்டத்திலும் பலருக்குக் கண் கலங்கியது. அடுத்த வாரம் மேரிலாண்டை 31-24 என்று வென்றது மிச்சிகனின் 1000-வது வெற்றி, கல்லூரி ஃபுட்பாலில் வேறு எந்த அணியும் அதற்கு முன் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

இந்த சீசனில் ஒரே ஒரு நிமிடத்தைத்தான் பதிவு செய்யலாம் என்றால் நான் இறுதிப் போட்டியை எடுக்கமாட்டேன், நவம்பர் 25-ஐத்தான் எடுப்பேன். தோல்வியே காணாத ஒஹையோ ஸ்டேட், நம் மைதானமான பிக் ஹவுஸில் லட்சம் பேருக்கு மேல், மூன்றாவது குவார்ட்டர், 17-17. அப்போது பந்தோடு ஓடுபவருக்கு வழி திறக்கும் நம் முன்வரிசையின் தூண் ஸாக் ஜின்டருக்குக் கால் எலும்பு முறிந்தது. வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போகும்போது மொத்த மைதானமும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அதற்கு அடுத்த முயற்சியிலேயே நம் ஓட்டக்காரர் பிளேக் கோரம் பந்தோடு 22 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். கடைசியில் 30-24 என்று ஜெயித்தோம். அந்த ஓட்டத்தில்தான் பட்டம் நம்முடையது என்று நான் நம்பத் தொடங்கினேன்.

அப்புறம் பிக் டென் இறுதியில் அயோவாவை 26-0. புத்தாண்டன்று தேசியப் பட்டத்தின் அரையிறுதியான ரோஸ் பௌலில் அலபாமாவிடம் 20-13 என்று பின்தங்கி, தவறினால் பந்து எதிரணிக்குப் போகும் நான்காவது முயற்சியில் உயிர் பிழைத்து, கடைசி நிமிடங்களில் சமன் செய்து, ஓவர்டைமில் கோரமின் 17 யார்டு ஓட்டத்தோடு 27-20. ஜனவரி 8, ஹூஸ்டனில் நடந்த இறுதிப் போட்டியில் வாஷிங்டனை 34-13. அன்றிரவு நம் கூடத்தில் யாரும் வீட்டுக்குக் கிளம்பவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். கோரம் அந்த சீசனில் ஓடிப் போட்ட டச்டவுன் 27, அது மிச்சிகன் சாதனை.

சரி, அதன் பிறகு நடந்தவை. ஹார்பா தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார், 2024 ஜனவரியில் மூர் தலைமைக் கோச் ஆனார், அதில் அப்போது எனக்கு முழு மகிழ்ச்சி. பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தியை என்.எஃப்.எல். வீரர் தேர்வில் 10-வது ஆளாக வைகிங்ஸ் அணி எடுத்தது. கால் முறிந்த ஜின்டரையும் அதே தேர்வின் மூன்றாவது சுற்றில் கிளீவ்லாண்ட் அணி எடுத்தது, அந்தச் செய்தி வந்தபோதுதான் எனக்கு நிம்மதி.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சனிக்கிழமைதோறும் சமைத்துக் கொண்டுவந்த குடும்பங்களுக்கு நன்றி. புது சீசன் 2024 ஆகஸ்ட் 31, ஃபிரெஸ்னோ ஸ்டேட்டோடு பிக் ஹவுஸில் தொடங்குகிறது, சேர்ந்து போக விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.