பூச்சிதானே என்று தள்ள வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மடகாஸ்கர் தீவில் வாழும், குரங்கை ஒத்த லெமூர்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். 107 வகைகளில் 103 அழியும் நிலையில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020இல் அறிவித்ததைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனால், அமெரிக்காவில் அருகிவரும் பம்பிள் தேனீயைக் குறிப்பிட்டு, ‘ஒரு பூச்சியின் அழிவை லெமூரின் அழிவோடு ஒப்பிடுவது பொருந்தாது’ என்று முடித்திருந்தது என்னை மிகவும் வருத்தியது.

புதுச்சேரியில் அழகுக்காக வளர்க்கப்படும் விசிறி வாழை மடகாஸ்கருக்கு உரியது என்பது தாங்கள் அறியாததல்ல. அங்கே அதன் பூவின் கெட்டியான மடலைப் பிரித்து, மூக்கை நுழைத்துத் தேனை நக்கி, முகமெல்லாம் மகரந்தம் அப்பிய கோலத்தில் அடுத்த பூவுக்குச் செல்வது கறுப்பு வெள்ளை லெமூர்தான். தேனீயின் வேலையைத்தானே அதுவும் செய்கிறது? 2017இல் அமெரிக்க அரசு அழியும் உயிரினமாக அறிவித்த, முதுகில் துரு நிறத் திட்டுள்ள அந்த பம்பிள் தேனீயோ, பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும்; தக்காளிப் பூவுக்கு ஏற்றது அந்த அதிர்வுதான். காடழிப்பும் வேட்டையும் லெமூரைக் குறைத்தன என்றால், நோயும் பூச்சிமருந்தும் வாழிட இழப்பும் இந்தத் தேனீயைக் குறைத்தன. இரண்டில் ஒன்றை மட்டும் இழப்பு என்று எப்படிச் சொல்வது?

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்கொல்லையில் வளர்ந்தவன் நான். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபின் சாய்ந்த மரங்களைப் பற்றித்தான் பேச்சு. அவற்றோடு போன தேன்கூடுகளைப் பற்றி அதிகாரிகளும் கேட்கவில்லை, தங்கள் இதழும் எழுதவில்லை. முந்திரி பூக்கும் காலத்தில், தளிரிலும் பூவிலும் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கென்று காலை வெயிலில் விசைத்தெளிப்பானால் மருந்தடிக்கிறார்கள். மறுநாள் மரத்தடிச் சருகில் கொம்புத்தேனீக்கள் நாக்கு வெளியே நீட்டியபடி செத்துக் கிடக்கின்றன. இதைப் பற்றி முன்பும் தங்களுக்கு எழுதியிருக்கிறேன். கடிதம் வெளியாகவில்லை, அந்த மருந்துகளின் விளம்பரம் மட்டும் தவறாமல் வெளியாகிறது.

வேறொன்றும் கேட்கவில்லை. வரும் தை மாத இதழின் வேளாண் பக்கத்தில், பூத்திருக்கும் முந்திரிக்குத் தேனீக்கள் வரும் நேரத்தில் மருந்தடிக்க வேண்டாம் என்று நான்கு வரி வெளியிடுங்கள். கட்டுரையில் பம்பிள் தேனீ என்று போட்டிருந்த படம் நம்மூர் அடுக்குத்தேனீயினுடையது, அதையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
முந்திரி விவசாயி ஒருவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.