தொழில்நுட்பத்துக்கு ஒரு நிருபரைப் போடுங்கள்: தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு மடல்

தமிழ் நாளிதழ், வார இதழ், செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரு மர்ஃபி டவுனில் எங்கள் வீட்டிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு மளிகைக் கடை இருக்கிறது. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சவுண்ட் பாக்ஸ். யாராவது கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பணம் போட்டால் எத்தனை ரூபாய் வந்தது என்று தமிழிலேயே உரக்கச் சொல்லும். போன வருஷம் ஒரு ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்கார அண்ணன் என்னைக் கூப்பிட்டார். மாசக் கணக்கு எங்கேயோ இடிக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா என்றார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்தோம். ஒவ்வொரு மாதமும் 125 ரூபாய் போயிருந்தது. 14 மாதம். மொத்தம் 1,750 ரூபாய். அந்தப் பெட்டிக்கு வாடகை.

பெட்டியை வைத்துவிட்டுப் போன பையன் இலவசம் என்றுதான் சொன்னானாம். "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீங்களாண்ணா?" என்று கேட்டேன். "கையெழுத்தெல்லாம் இல்லம்மா, ஓடிபி வந்துச்சு, சொன்னேன்" என்றார். அந்த ஓடிபிதான் கையெழுத்து. ஒப்பந்தம் அவருடைய போனிலேயே இருந்தது. பக்கம் பக்கமாக இங்கிலீஷில், நகக்கண் அளவு எழுத்தில். வாடகை விஷயம் அதில் எங்கேயோ நடுவில். பணம் வந்தால் தமிழில் சொல்லும் பெட்டி, பணம் போவதைத் தமிழில் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்னும் என் மனசில் இருக்கிறது: "என் தப்புதாம்மா. நான்தான் விவரம் தெரியாம இருந்துட்டேன்."

இதைச் செய்தியாக எழுதி இரண்டு தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். ஓரிடத்தில், இது வணிகப் பக்கத்துக்கா பெங்களூரு பக்கத்துக்கா என்று முடிவு பண்ண முடியாமலே அது கிடப்பில் போனது. இன்னோரிடத்தில், "புது போன் ரிவியூ ஏதாவது இருந்தா கொடுங்க மேடம், அதுதான் போகுது" என்றார்கள். இரண்டு இடத்திலும் பேசியவர்கள் நல்லவர்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு நாற்காலி இல்லை. கோர்ட்டுக்கு ஆள் இருக்கிறார், சினிமாவுக்கு ஆள் இருக்கிறார், கிரிக்கெட்டுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். தொழில்நுட்பத்துக்கு யார் என்று கேட்டால், ராத்திரி ஷிப்ட்டில் வரும் உதவி ஆசிரியர், ஏஜென்சிச் செய்தியை மொழிபெயர்த்துப் போடுகிறவர்.

அந்த நாற்காலியைப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1991 அக்டோபரில் வால்ட் மாஸ்பெர்க் என்ற பத்திரிகையாளர் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் கம்ப்யூட்டர் பற்றிய பத்தியைத் தொடங்கினார். முதல் வரியிலேயே அவர் சொன்னது, கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, அது உங்கள் தப்பில்லை என்பதுதான். பிறகு பல வருஷம் அவர் எழுதியதெல்லாம் அந்த இடத்தில் நின்றுதான். செய்தவர் பக்கம் போகாமல், வாங்கியவர் பக்கம் நின்றார். எங்கள் கடைக்கார அண்ணனுக்கு அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்ல யாரும் இல்லை. 2016-இல் வந்த யுபிஐயில் 2025 ஆகஸ்ட் மாதம் மட்டும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன. அதில் பெட்டிக்கடை, பூக்கடை, இளநீர் வண்டி எல்லாம் இருக்கிறது. அவ்வளவு பேர் தினமும் தொடுகிற ஒன்றை விசாரித்து எழுத ஒரு நிருபர்கூட இல்லையென்றால் அது பெரிய குறை. மன்னிக்கவும், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 2005-இல், ஒரு ஆங்கில வார இதழில். முதல் இரண்டு வருஷம் ஐந்து நட்சத்திர ஓட்டல் பிரஸ் மீட், ஒரு பிரஸ் கிட், பென் டிரைவ், பஃபே சாப்பாடு. அவர்கள் தந்த காகிதத்தைத் திருப்பி எழுதுவதுதான் செய்தி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் எங்கள் மூத்த ஆசிரியர் என் கட்டுரையில் ஒரு பத்தியைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, "இதைக் கம்பெனி சொல்லுது, சரி. நீ என்னத்தைப் பார்த்த?" என்றார். அப்புறம்தான் வேலை கற்றுக்கொண்டேன். கம்பெனிப் பதிவாளரிடம் நிறுவனங்கள் வருடா வருடம் தாக்கல் செய்யும் கணக்கைக் கட்டணம் கட்டி எடுத்துப் படிக்கலாம் என்று அவர்தான் சொன்னார். விளம்பரத்தில் லாபம் என்று சொன்ன கம்பெனி அந்தத் தாளில் நஷ்டம் காட்டியிருக்கும். ஐடி கம்பெனிகள் நிறைந்த எலக்ட்ரானிக் சிட்டி வாசலில், ஷிப்ட் முடிகிற நேரத்தில் டீக்கடையில் நின்றால் ஆள்குறைப்புச் செய்தி அறிக்கைக்கு ஒரு வாரம் முன்னாடியே காதில் விழும். இதெல்லாம் ஒரு நாளில் வராது. ஒரே துறையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று வருஷம் சுற்றினால்தான் யாரிடம் கேட்க வேண்டும் என்பதே தெரியும்.

நான் தமிழில் பாட்காஸ்ட் தொடங்கியது 2019-இல். அல்சூரில் அம்மா வீட்டுப் பின்னறை, சுவரில் இரண்டு ஜமுக்காளம், கதவிடுக்கில் பழைய புடவை. அம்மா குக்கர் வைப்பதற்கு முன்னால் காலையிலேயே முடித்தாக வேண்டும். 40 நிமிஷப் பேச்சைக் கேட்டு, வெட்டி, ஒட்டி முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும். பாட்காஸ்ட் என்றால் மைக்கை வைத்துக்கொண்டு அரட்டை அடிப்பது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் தொழில்நுட்பச் செய்தியாளர் காரா ஸ்விஷர் 2015-இல் பாட்காஸ்ட்டுக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் ஏறத்தாழ இருபது வருஷ நிருபர் வேலை இருந்தது. கம்பெனித் தலைவர்களை எதிரில் உட்காரவைத்து அவர் கேட்ட கேள்விகள் அந்த அலைச்சலில் பிறந்தவை. உங்களில் சிலர் இப்போது பாட்காஸ்ட் தொடங்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அச்சான செய்தியை ஒருவர் வாசித்துப் பதிவேற்றுவதோடு நிற்கிறது. வாசிக்கிறவருக்கு நல்ல குரல் இருக்கிறது, கேட்பதற்கு ஒரு கேள்வி இல்லை.

தமிழில் இதையெல்லாம் பேச முடியாது என்று சொல்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் விருதுநகர், கரூர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள். பெரிய கம்பெனிகளில் பெரிய வேலை பார்க்கிறவர்கள். மைக்கைப் பார்த்ததும் இங்கிலீஷுக்குப் போய்விடுவார்கள். அதனால் முதல் கேள்வியை மாற்றினேன். உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்பதில்லை, கடைசியாக எது எப்போது படுத்தது என்று கேட்பேன். உடனே முகம் மாறும். "அதையேன் கேக்குறீங்க, பொங்கல் அன்னைக்கு ராத்திரி மூணு மணிக்கு அலர்ட் அடிக்குது, பாத்தா சர்வர் படுத்துடுச்சு, ஒண்ணு படுத்ததும் மொத்த டிராபிக்கும் அடுத்ததுமேல ஏறி அதுவும் தொங்கிடுச்சு" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் நல்ல தமிழ். ஒரு சர்வர் விழுந்தால் மற்றதெல்லாம் ஏன் விழுகிறது என்பதை அந்தப் பையன் சொன்னதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. கிளவுட் என்பதா, மேகக் கணிமை என்பதா என்று உங்கள் மேசைகளில் நடக்கும் சண்டையும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிட்டு மேலே போங்கள். நேயர்கள் எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதே ஊரில், ஜாலஹள்ளி பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே சுஜாதா அறிவியலைத் தமிழில் எழுதினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரப் பணியில் பங்கெடுத்தவர், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கும் புரிகிற மாதிரி எழுதினார். அவர் 2008-இல் மறைந்தார். அவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய திறமையைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அவருக்கு வாராவாரம் பக்கம் ஒதுக்கிய ஆசிரியர்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன். அறிவியலைத் தமிழில் போட்டால் யார் படிப்பார்கள் என்று அவர்கள் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பக்கம் ஒதுக்கினால் மட்டும் போதாது, பின்னாலும் நிற்க வேண்டியிருக்கும். 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்கிற வழி கிடைக்கிறது என்று 2018 ஜனவரியில் எழுதியது சண்டிகரிலிருந்து வரும் தி ட்ரிப்யூன். எழுதியவர் ரச்னா கைரா. தகவல் கசியவில்லை என்று ஆதார் ஆணையம் மறுத்தது, அதன் புகாரில் பதிவான முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயரும் இருந்தது. பத்திரிகை அவர் பக்கம் நின்றது. நம் ஊரில் பகுதி நேரமாக, ஒரு கட்டுரைக்கு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதும் ஒருவர் அப்படி ஒரு செய்தியைத் தொடுவாரா? நோட்டீஸ் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். எனக்கு ஒருமுறை வந்தது. வக்கீல் செலவை என் கைக்காசில் கட்டினேன்.

இங்கே எழுத என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஆதாரின் தொழில்நுட்ப மையம் இருப்பது பெங்களூரில். நம் மக்கள் தினமும் திறக்கும் ஆப்களில் பலவற்றுக்கு அலுவலகம் பெல்லந்தூரையும் கோரமங்களாவையும் சுற்றித்தான். டிஜிட்டல் அரெஸ்ட் என்று வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் மிரட்டிப் பணம் பிடுங்குகிறார்களே, சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும் என்பதைச் செய்தியின் கடைசி வரியில் போடாமல் முதல் வரியில் போடும் ஓர் ஆள் வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வாணியம்பாடியிலிருந்து வந்து இங்கே டெலிவரி வண்டி ஓட்டும் பையன்கள் எத்தனை பேர்! கர்நாடகத்தில் 2025-இல் அவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனங்கள் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது. அதைப் பற்றி ஒரு பகுதி செய்தபோது, "அக்கா, காரணமே சொல்லாம ஐடியை பிளாக் பண்ணிட்டாங்க, யார்கிட்ட போய்க் கேக்குறது?" என்ற ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் ஒருத்தி.

அதனால் கேட்கிறேன். முழுநேரமாக ஒருவரைப் போடுங்கள். முதலில் ஒரே ஒருவர் போதும். போன் ரிவியூவை அவர் தலையில் கட்டாதீர்கள். மாதத்துக்கு ஒரு பெரிய செய்தி வந்தாலும் சரி, மூன்று மாதம் ஒன்றும் வராவிட்டாலும் சரி, பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி காசு கொடுத்துப் போடும் கட்டுரைக்கு மேலே விளம்பரம் என்று கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள், இல்லையென்றால் அவர் எழுதுவதையும் யாரும் நம்ப மாட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் அது அலுவலகத்துக்கு வரட்டும்.

என்னிடம் ஒலித்தொகுப்பு கற்றுக்கொண்ட ஒசூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். இன்ஜினியரிங் முடித்தவள். அந்த டெலிவரிப் பையன்கள் பகுதிக்கு மடிவாளாவிலும் சில்க் போர்டிலும் அலைந்து பேட்டி எடுத்தது முழுக்க அவள்தான். போகும்போது கேட்டாள்: "அக்கா, இதே வேலையைத் தமிழ்ல செய்யணும்னா யாருக்கு அப்ளிகேஷன் போடணும்?" என்னால் ஒரு விலாசம் சொல்ல முடியவில்லை. இப்போது பெல்லந்தூரில் ஒரு கம்பெனிக்கு விளம்பர வாசகம் எழுதுகிறாள்.

நீங்கள் யாரைப் போட்டாலும் என் நோட்டுப் புத்தகங்களைத் தருகிறேன். இருபது வருஷத் தொடர்புகள், எந்தத் தாள் எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்ற குறிப்புகள், எல்லாம் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் 11 மணிக்குள் ஒலிப்பதிவு முடிந்துவிடும். அதற்கு அப்புறம் எப்போது வேண்டுமானாலும் உங்கள் நிருபரை அனுப்பி வையுங்கள். முதலில் அந்த மளிகைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழ்த் தொழில்நுட்பச் செய்தியாளர்,
மர்ஃபி டவுன், பெங்களூரு