ஏரிப் பாதையில் இன்னும் பனி கிடக்கிறது

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் தேறிவிட்டது, மருத்துவரே இனி மலை ஏறலாம் என்று சொல்லிவிட்டார் என்ற செய்தியைப் படித்த மகிழ்ச்சியில் அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கடிதத்தின் அடியில் போகிற போக்கில் நீ கேட்டிருந்த ஒரு கேள்வி என் கையைத் தடுத்துவிட்டது. ஜூன் மூன்றாம் வாரத்தில் மகளையும் அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். நாற்காலியில் சாய்ந்தபடி விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று அது. ஆகவே சென்ற சனிக்கிழமை நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் உள்ள புல்வெளி வரை தாராளமாகப் போகலாம். ஏரிக்குப் போக ஜூலை பிறக்கட்டும்.

நாம் இருவரும் அந்தப் பாதையில் போனது செப்டம்பரில் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். புழுதி பறக்கும் பாதை, தாண்டிக் குதிக்கக்கூடிய ஓடை, கரையில் வெயில் காய்ந்து கிடந்த பாறைகள் என்று ஒரு படம் உன் மனத்தில் பதிந்திருக்கும். அந்தப் படத்தை நம்பித்தான் இப்போது நீ திட்டம் போடுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே கோடை வந்துவிட்டது உண்மை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது பள்ளியில் படித்த கணக்கு; பாதை தொடங்கும் இடத்திலிருந்து ஏரி சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே ஏறக்குறைய ஆறு டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் ஏரிக்கரையில் பனி தங்கியிருப்பதற்கு அது மட்டும் காரணம் அன்று. இத்தகைய ஏரிகள் பெரும்பாலும் பழங்காலப் பனியாறுகள் குடைந்தெடுத்த குழிகளில் தேங்கியவை. வெயில் குறைவாக விழுந்து, பனி உருகாமல் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்த மூலைகளில்தான் அந்தப் பனியாறுகள் பிறந்தன. பூமியின் வடபாதியில் அவை பெரும்பாலும் வடக்கு நோக்கிய மடிப்புகள். அதாவது பனி தங்கும் இடமாக இருந்ததால்தான் அங்கே ஏரியே உண்டாயிற்று. அதே நிழல் இன்றும் அங்கே விழுகிறது. பாதை முழுவதும் காய்ந்துவிட்டாலும் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் ஏன் வெள்ளையாகக் கிடக்கிறது என்று இத்தனை வருடங்களாக வியந்துகொண்டிருந்த எனக்கு, இந்தக் காரணம் புரிந்த பிறகு ஏரியின் மேலிருந்த கோபம் தணிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வெப்பம் தேவை. அதே ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கவும் அவ்வளவுதான் செலவாகும். எனவே நான்கு நாள் வெயில் அடித்ததும் பனி போயிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இந்த வருடம் நான் போனது இது இரண்டாவது முறை. முதல் முறை போனது மே மாதக் கடைசியில்; அந்தக் கதையை வெட்கப்பட்டு உனக்கு எழுதாமல் விட்டிருந்தேன். அன்று விடியும்போதே புறப்பட்டேன். விடியற்காலையில் பனி இறுகியிருக்கும், மேலேயே நடந்து போய்விடலாம் என்பது என் கணக்கு. புல்வெளியைத் தாண்டிப் பனியில் கால் வைத்தேன். முழங்கால் வரை இறங்கியது. அடுத்த அடி தொடை வரை இறங்கியது. ஒரு காலை வெளியே இழுப்பதற்குள் மற்றொரு கால் புதைந்தது. பாறைகளுக்கும் சிறு மரங்களுக்கும் பக்கத்தில் போனால் இன்னும் மோசம். அவை வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள பனியை உள்ளிருந்தே உருக்கிவிடுவதால், மேலே பார்க்கச் சமதளமாகவும் உள்ளே பொந்தாகவும் இருக்கும். அப்படி ஒரு பொந்தில் இடது கால் இறங்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் பாறை விளிம்பு உரசிய வலி இரண்டு நாள் இருந்தது. ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனதும் திரும்பிவிட்டேன்.

தவறு எங்கே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அதற்கு முந்தைய இரவு முழுவதும் மேகமூட்டம். பகலில் நனைந்த பனி, இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்தால்தான் மறுபடியும் இறுகும். மேகம் போர்வை போல் மூடியிருந்தால் அந்த வெப்பம் வெளியேறுவதில்லை. ஆகவே விடியற்காலையில் எழுவது மட்டும் போதாது, இரவில் நட்சத்திரம் தெரிந்ததா என்றும் பார்க்க வேண்டும். சென்ற வெள்ளிக்கிழமை இரவு வானம் துடைத்துவிட்டது போல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் பையைக் கட்டினேன்.

சனிக்கிழமை அதே பனி தரை போல் கெட்டியாக இருந்தது. ஷூவுக்கு மேல் மாட்டும் இரும்பு முட்கள் கொண்ட மைக்ரோஸ்பைக், ஒவ்வோர் அடியிலும் கண்ணாடித் தூளை மிதிப்பது போன்ற சத்தத்துடன் பற்றிக்கொண்டது. முன்பு ஒன்றரை மணி நேரம் எடுத்த தூரத்தை இருபது நிமிடத்தில் கடந்தேன். ஆனால் அந்தச் சுகம் காலை பத்தரை மணி வரைதான். அதன் பிறகு மேலோடு தளர்ந்து குதிகால் இறங்கத் தொடங்கியது. நண்பகலுக்குப் பின் கஞ்சி போல் ஆகிவிட்டது. ஒரே பாதை ஒரே நாளில் மூன்று வெவ்வேறு பாதைகளாக மாறுகிறது என்று சொன்னால் மிகையாகாது. 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு உனக்கு நினைவிருக்கும்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி நம் எட்டுக் கிலோமீட்டர் ஏற்றத்துக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஆகும். செப்டம்பரில் நமக்கும் அவ்வளவுதான் ஆயிற்று. இப்போது, நல்ல பனியிலேயே, எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அதில் பெரும்பகுதி நடந்த நேரம் அன்று, பாதை எங்கே என்று தேடிய நேரம்.

பாதை தேடியதைப் பற்றி ஒரு வேடிக்கை. புல்வெளிக்கு மேலே யாரோ ஒருவருடைய காலடித் தடம் தெளிவாக இருந்தது. நானும் கைப்பேசியில் வரைபடத்தைப் பார்க்காமல், அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடந்தேன். கால் மணி நேரம் கழித்து அது ஒரு பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது; அங்கே அந்த மனிதர் சுற்றிச் சுற்றி மிதித்துவிட்டு வந்த வழியே திரும்பியிருக்கிறார். அவருக்கு வழி தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வருத்தம் என்னவென்றால், இப்போது அந்தத் தவறான வழியில் என்னுடைய தடமும் சேர்ந்து, அடுத்து வருபவருக்கு அது இரட்டிப்பு நம்பிக்கை தரும்.

ஓடையைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது, ஏனென்றால் உன் மகளைப் பற்றி நினைக்கும்போது பனியைவிட ஓடைதான் எனக்குக் கவலை தருகிறது. காலை ஏழு மணிக்கு நான் கடந்தபோது தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது. பிற்பகல் மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது அதே இடத்தில் முழங்காலைத் தாண்டியிருந்தது. அடியில் கூழாங்கற்கள் உருண்டு மோதும் சத்தம் கேட்டது. பகல் வெயிலில் மேலே உருகும் பனி கீழே வந்து சேரச் சில மணி நேரம் பிடிப்பதால், ஓடைகள் பிற்பகலிலும் மாலையிலும்தான் பெருகும். தண்ணீரின் வேகம் இரட்டிப்பானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், கூடியிருக்கும் தண்ணீரைக் கண்ணால் அளந்து தைரியம் கொள்ளக் கூடாது. மேற்கே அரைக் கிலோமீட்டர் நடந்து, ஓடை விரிந்து ஆழம் குறையும் இடத்தைக் கண்டுபிடித்து, பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, கம்பை ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடி வைத்துக் கடந்தேன். விழுந்தால் பை நம்மைக் கீழே அழுத்தாமல் உடனே உதறிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பட்டை விஷயம். கரையேறியதும் பாதம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது, அப்படியொரு குளிர்.

இன்னும் மேலே அந்த ஓடை பனிக்கு அடியில் ஓடுகிறது. அங்கே பனி ஒரு பாலம் போல் வளைந்து நிற்கிறது. ஓரம் மெலிந்து நீலம் பாய்ந்திருக்கிறது. காதை வைத்தால் உள்ளே தண்ணீர் பேசுவது கேட்கும். காலையில் அதன் மேல் போனவர்கள் இருக்கிறார்கள். நான் போகவில்லை, நீயும் போக வேண்டாம்.

ஏரிக்கு நூறு மீட்டர் முன்னால் பாதை ஒரு செங்குத்தான சரிவைக் குறுக்கே கடக்கிறது. செப்டம்பரில் நாம் பேசிக்கொண்டே கடந்த இடம். இப்போது அங்கே நாற்பது அடி அகலத்துக்குப் பனி வழிந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் சரிவின் கோணத்தைப் பார்ப்பதற்கு முன், வழுக்கினால் எங்கே போய் நிற்போம் என்று பார்க்க வேண்டும். கீழே மெல்லச் சமமாகும் பனி இருந்தால் சிரித்துக்கொண்டு எழலாம். இங்கே கீழே இருப்பது பாறைக் குவியல். பனிக்கோடரியால் தன்னை நிறுத்திக்கொள்ளப் பழகியவருக்குத்தான் இது ஏற்ற இடம், அதுவும் பனி சற்றே இளகிக் கால் பதியும் வேளையில். கோடரியைக் கையில் வைத்திருப்பது வேறு, விழும் அந்த ஒரு நொடியில் அதைப் பயன்படுத்தத் தெரிவது வேறு. உன் மகள் இதுவரை பழகியதில்லை என்று எழுதியிருக்கிறாய். ஜூலை வரை பொறு என்று நான் சொல்வது முக்கியமாக இந்த நாற்பது அடிக்காகத்தான்.

ஏரி எப்படி இருந்தது என்று கேட்பாய். நடுவில் வெண்மையாகவும், கரையோரம் சாம்பல் கலந்த கருநீலமாகவும் பனிக்கட்டி மூடியிருந்தது. கரைக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் ஓரத்துப் பனிக்கட்டி மெல்லிய கண்ணாடிக் கம்பிகளாக உதிர்ந்து, சலங்கை போல் கலகலத்தது. உருகும் பருவத்தில் ஏரிப் பனிக்கட்டி நெட்டுக்குத்தான படிகங்களாகப் பிரிந்து, பிடிப்பில்லாமல் நிற்கும். தடிமன் எவ்வளவு இருந்தாலும் ஆளைத் தாங்காது. எந்த ஏரியைக் கண்டாலும் இறங்கிக் குளிக்கும் உன் பழக்கம் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்: அவ்வளவு குளிர்ந்த நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சே நம் வசத்தில் இருக்காது, பத்து நிமிடத்துக்குள் கையும் காலும் சொன்னபடி கேட்காமல் போய்விடும். கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்.

திரும்பும் வழியில் ஒரு சரிவில் பனி இளஞ்சிவப்பாக இருந்தது; மிதித்த இடமெல்லாம் சிவப்பு இன்னும் அடர்ந்தது. பனியில் வாழும் ஒரு நுண்பாசியின் நிறம் அது. கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது சுரக்கும் சாயம்தான் அப்படித் தெரிகிறது. அந்த நிறம் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சுவதால், பாசி படர்ந்த பனி சீக்கிரம் உருகுமாம். தன் வீட்டைத் தானே கரைக்கும் பிராணி!

வெயிலைப் பற்றி நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். புதிய பனி, புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தொப்பி போட்டிருந்தும் என் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பிலும் தோல் வெந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் இருந்ததால் கண் தப்பியது. கீழ்ப் பகுதி முழுவதும் சேறு. ஓரமாக ஒதுங்கி நடந்தால் முளைத்துவரும் செடிகள் மிதிபட்டுப் பாதை வருடாவருடம் அகன்றுபோகும் என்பதால், நடுவிலேயே நடந்து ஷூவைத் தியாகம் செய்தேன். கொசுக்களைப் பற்றி எழுதினால் நீ வரமாட்டாய்.

நீ கிளம்புவதற்கு முன் வீட்டிலிருந்தே ஒன்றைச் செய்யலாம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வோர் இடத்தையும் படம் எடுக்கின்றன. அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பத்து மீட்டர் அளவுள்ள இடம் ஒரு புள்ளியாகத் தெரியும் என்பதால், பாதையில் பனிக்கோடு எங்கே நிற்கிறது, ஏரி திறந்துவிட்டதா என்று கண்டுகொள்ள அது போதும். மேகத்தைப் பனி என்று நினைத்துவிடாதே. மேகத்துக்குப் பக்கத்தில் அதன் நிழல் விழுந்திருக்கும். ஏரியின் நடுவில் வெண்மை மறைந்து கருமை தெரிகிற வாரத்தில் எனக்கு எழுது. அந்தச் சரிவில் பனி விலகிவிட்டதா என்று நான் ஒரு முறை போய்ப் பார்த்துச் சொல்கிறேன். பிறகு மூவரும் சேர்ந்து போகலாம்.

ஜூனிலேயே மகளை அழைத்து வருவதாக இருந்தாலும் வா, புல்வெளி வரை நடந்துவிட்டு, பனி தொடங்கும் இடத்தில் ஆபத்தில்லாத ஒரு சிறு மேட்டில் அவளுக்குச் சறுக்கி நிற்கப் பழக்கிவிடலாம். என்னிடம் இன்னொரு ஜோடி மைக்ரோஸ்பைக் இருக்கிறது. அவளுடைய ஷூ அளவு என்ன என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய நடைத்தோழன்