ஆர்கனாய்டு திட்டங்களை மதிப்பிடும் நிதிக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ஆர்கனாய்டுகளை, அதாவது ஆய்வகத்தில் வளர்க்கும் சிற்றுறுப்புகளைக் கொண்டு திசுப் புதுப்பிப்பை ஆராய உங்களிடம் வரும் பல விண்ணப்பங்கள், திசுவின் மற்றச் செல்களை உருவாக்கும் முதிர் ஸ்டெம் செல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. அந்தச் செல்கள் எதில் வளர்கின்றன என்பதையோ ‘வழக்கமான ஊடகத்தில்’ (ஊட்டக் கரைசலில்) என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரியை விரித்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் கோரிக்கை முதன்மையாக அதுதான்.

குடலின் கிரிப்ட் குழிகளின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்களை எல்ஜிஆர்5 என்ற புரத அடையாளத்தால் பிரித்தறியலாம் என்று ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்குழு 2007-இல் காட்டியது. 2009-இல் அதே குழுவில் தோஷிரோ சாட்டோ, அப்படி ஒரே ஒரு எலிச் செல்லிலிருந்து கிரிப்டும் குடலுறிஞ்சிப் பகுதியும் கொண்ட ஒரு குட்டிக் குடல் அமைப்பை, அதாவது ஆர்கனாய்டை வளர்த்தெடுத்தார். உடலுக்குள் ஸ்டெம் செல்லுக்கு வேண்டிய சமிக்ஞைகளைப் பக்கத்தில் உள்ள பேனத் செல்களும் அடியில் உள்ள இணைப்புத் திசுவும் தருகின்றன. ஆய்வகத்தில் அவற்றில் பெரும்பகுதியை ஈஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின் என்ற மூன்று புரதங்களாக நாம் ஊற்றுகிறோம். ஆகவே, தட்டில் தெரியும் நடத்தையில் செல்லின் இயல்பு எவ்வளவு, ஊடகத்தின் வேலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காத முடிவை நம்புவதற்கில்லை.

மனிதக் குடலில் இது இன்னும் சிக்கல். அந்த மூன்று புரதங்கள் மட்டும் போதாது. 2011-இல் வந்த செய்முறை வின்ட் என்ற சமிக்ஞைப் புரதம், நிகோடினமைடு என்ற வைட்டமின், ஏ83-01, எஸ்பி202190 என்ற இரு தடுப்பு மருந்துகள் ஆகியவற்றையும் சேர்த்தது. இந்தக் கலவையில் செல்கள் நன்றாகப் பெருகும். ஆனால் பி38 என்ற நொதியின் தடுப்பானான எஸ்பி202190 சுரப்புச் செல்கள் உருவாவதை அடக்கிவிடும். ஒரு நோயில் சளி சுரக்கும் கோப்பைச் செல்கள் குறைகின்றன என்று இதே ஊடகத்தில் வளர்த்துச் சொன்னால், அளந்தது நோயையா மருந்தையா? வேறுபாடடைதலை, அதாவது செல்கள் தனித்தனி வகைகளாக மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் வின்ட், நிகோடினமைடு, பி38 தடுப்பான் மூன்றையும் எடுத்துவிட்டுச் சில நாள் வளர்க்க வேண்டும். அல்லது 2018-இல் வந்த வழியில், தடுப்பானை நீக்கி ஐஜிஎஃப்-1, எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணிகளைச் சேர்த்தால் பெருக்கமும் வேறுபாடும் ஒரே தட்டில் நடக்கும். விண்ணப்பம் எந்த வழியைத் தேர்ந்தது, ஏன் என்று கேளுங்கள்.

வின்ட் புரதமே தனித் தலைவலி. அதோடு கொழுப்பு ஒட்டியிருப்பதால் சீரம் (இரத்த நிணநீர்) இல்லாமல் நிலைக்காது. அதனால் வின்ட் சுரக்கும் செல்களின் ஊடகத்தையே எடுத்து, மொத்தத்தில் பாதி அளவுக்குச் சேர்ப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் அதன் வீரியம் மாறும். வின்ட் சமிக்ஞைக்கேற்ப ஒளிரும் லூசிஃபரேஸ் அறிவிப்பான் செல்களில் சோதிக்காமல் புதிய தொகுதியைப் பயன்படுத்தினால், வளர்ச்சி குன்றியதற்குப் பழி நோயாளியின் செல்மீது விழும்.

கைவேலையிலும் பிழைக்கு இடமுண்டு. திசுவைக் குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் தெளியும்வரை கழுவி, செல்களின் பிணைப்பைத் தளர்த்தும் 2 மில்லிமோலார் ஈடிடிஏவில் பனிக்கட்டிமேல் சுமார் 30 நிமிடம் வைத்து, குலுக்கி, 70 மைக்ரான் சல்லடையில் வடித்தால் கிரிப்ட்கள் கிடைக்கும். அவற்றை மேட்ரிஜெல் என்ற புரதக் கூழில் கலந்து, முன்பே சூடேற்றிய 24 குழித் தட்டில் 40 முதல் 50 மைக்ரோலிட்டர் சொட்டாக வைப்பார்கள். மேட்ரிஜெல் பனிக்குளிரில்தான் நீர்மமாக இருக்கும். பிப்பெட் முனையைக் குளிர்விக்காமல் நிதானமாக வேலை செய்தால் முனையிலேயே உறைந்து, ஒரு குழிக்கு அதிகமாகவும் அடுத்ததற்குக் குறைவாகவும் செல்கள் போகும். சொட்டு வைத்ததும் தட்டைக் கவிழ்த்து 37 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் வைக்க வேண்டும். இல்லையேல் கிரிப்ட்கள் அடியில் படிந்து பிளாஸ்டிக்கில் ஒட்டித் தட்டையாகப் பரவிவிடும். ஒற்றைச் செல்களிலிருந்து தொடங்கினால் முதல் இரண்டு நாள் செல் சாவைத் தடுக்கும் ஒய்-27632 மருந்தைச் சேர்க்காவிட்டால் பெரும்பகுதி செத்துவிடும்.

சொட்டின் ஓரத்தில் உள்ளவை ஊட்டம் எளிதில் கிடைப்பதால் பெரிதாகும். நடுவில் உள்ளவை சிறிதாகவே நிற்கும். ஓரத்தை மட்டும் படமெடுத்து அளவு கணக்கிட்ட வரைபடங்கள் மேலோட்டமாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். உள்ளே கருமை படர்வது, உதிர்ந்த செல்கள் வெளியேற வழியின்றி உட்குழியில் சேர்வதால். 5 முதல் 7 நாளுக்குள் உடைத்துப் பிரிக்காவிட்டால் வெடித்துவிடும். எலிக் கட்டியிலிருந்து எடுக்கப்படும் மேட்ரிஜெல்லின் புரத அளவு தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். கட்டுப்பாட்டுக் குழுவும் சோதனைக் குழுவும் ஒரே தொகுதியில் வளர்ந்தனவா என்பதை எழுதச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையிலும் ஏமாறாதீர்கள். ஒரே கொடையாளரின் திசு 24 குழிகளில் வளர்ந்தால், அது ஒரு கொடையாளர்தான். பாசேஜ் எண்ணும், அதாவது செல்களை எத்தனை முறை பிரித்து மறுபடி வளர்த்தார்கள் என்பதும் வேண்டும்; நெடுநாள் வளர்ப்பில் மரபணு மாற்றம் சேரலாம், வேகமாகப் பெருகும் கிளை மற்றதை ஓரங்கட்டலாம். மைகோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்ற சோதனை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம்.

இன்னொன்று. எல்ஜிஆர்5 செல்கள் குறைந்தன, ஆகவே புதுப்பிப்பு நின்றது என்ற வாதம் வந்தால் நிதானியுங்கள். எலியில் அந்தச் செல்களை அழித்த பிறகும் குடல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதை 2011-இலேயே காட்டிவிட்டார்கள். மற்றச் செல்கள் ஸ்டெம் செல் நிலைக்குத் திரும்பி அந்த இடத்தை நிரப்புகின்றன. இரத்தக்குழாயும் நோய் எதிர்ப்புச் செல்லும் நரம்பும் இல்லாத ஆர்கனாய்டில் அந்த மீட்சியின் ஒரு பகுதியைத்தான் பார்க்க முடியும்.

கடைசியாக, வரவுசெலவுப் பட்டியல். வளர்ச்சிக் காரணிகள் விலை அதிகம். அந்தத் தொகையைக் குறைத்தால் ஆய்வுக்குழு முதலில் கைவைப்பது கொடையாளர் எண்ணிக்கையில்தான். ஊடகச் செலவையும், தொடக்கப் பாசேஜ் செல்களைத் திரவ நைட்ரஜனில் சேமிக்கும் செலவையும் வெட்டாதீர்கள். வெட்டியே ஆகவேண்டுமென்றால் கேள்விகளைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆர்கனாய்டு வளர்ப்பில் ஈடுபட்டுள்ள ஆய்வாளர்கள்