பிரேசிங்கை விருப்பப் பாடமாக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்பயிற்சிப் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வெல்டிங் பிரிவில் பிரேசிங் செய்முறை, அதாவது இரும்பை உருக்காமல் பித்தளையையோ வெள்ளிக் கம்பியையோ இடையில் உருக்கி ஓடவிட்டு ஒட்டும் முறை, இனி விருப்பப் பாடம் என்று சொல்லும் உங்கள் சுற்றறிக்கையைப் படித்தோம். கேஸ் செலவு, மாணவர் குறைவு, தொழிற்சாலைகள் கேட்பது ஆர்க் வெல்டிங் ஆட்களைத்தான் என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும். விருப்பப் பாடம் என்றால் அடுத்த ஆண்டே சிலிண்டர் மூலைக்குப் போய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும். எங்கள் கோரிக்கை இதுதான்: மெல்லிய டியூபில் பிரேசிங் செய்யும் பயிற்சியை மறுபடி கட்டாயமாக்குங்கள், தேறியவர்களின் பட்டியலை, அவரவர் சம்மதத்தோடு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

ஸ்டீல் சைக்கிள் பிரேமில் வேலை செய்ய ஆள் தேடுகிறவர்கள் படும் பாட்டுக்கு ஒரே ஒரு வேலையைச் சொல்கிறோம். பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட் வலப்பக்கம் உடைந்துவிடுகிறது. பிரேமின் மற்ற பாகமெல்லாம் நன்றாக இருக்கிறது. எடுத்துப் போனால், கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறையில் ராடு வைத்து ஒரு பொட்டு அடித்துத் தருகிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். கனத்த தகட்டில் பழகிய கை, ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத டியூபில் அதே கரண்டைக் கொடுத்தால் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்க இன்னும் உலோகம், பிறகு அழகுக்காக கிரைண்டர். கிரைண்டர் வெல்டிங்கோடு டியூபையும் சேர்த்துத் தின்றுவிடும். கொஞ்ச நாளில் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே, சூட்டில் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்த இடத்தில், மயிரிழை விரிசல் கிளம்பும். அதற்குப் பிறகு அந்தப் பிரேமைத் தொட யாரும் துணிய மாட்டார்கள்.

சரியாகச் செய்தால் இது ஒரு நாள் வேலைகூட இல்லை. பெயின்டை ஐந்து சென்டிமீட்டர் தூரத்துக்குச் சுரண்டி, டியூபுக்குள் இருக்கும் எண்ணெயைக் கழுவ வேண்டும். பழைய பித்தளை உருகும் வரை சூடாக்கி உடைந்த துண்டை உருவ வேண்டும். பெடல் பக்கமிருந்து பின்சக்கர அச்சுக்கு வரும் செயின்ஸ்டே டியூபின் வாயை அரத்தால் தேய்த்துப் புதுத் துண்டு சும்மா நழுவி உட்காரும் அளவுக்குக் கொண்டுவந்து, இரு டிராப்அவுட்டுக்கும் நடுவே உரிய அகலத்துக்குப் போலி அச்சு ஒன்றைப் பூட்ட வேண்டும். பழைய ரோடு சைக்கிளுக்கு 126 மில்லிமீட்டர். அதற்குப் பின் வந்தவற்றில் 130. சூட்டில் உலோகத்தின்மேல் படலம் படியாமல் காக்கும் ஃபிளக்ஸ் பூசிய பிறகுதான் தீ. தீயை எங்கே காட்டுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. டிராப்அவுட் கனமானது, டியூப் மெல்லியது. ஆகவே முதலில் கனத்ததைச் சூடாக்க வேண்டும். உருகிய பித்தளை சூட்டைத் தேடி ஓடும். டியூபில் தீ காட்டினால் டியூப் வெந்துபோகும், பித்தளை உள்ளே இறங்காமல் வெளியே உருண்டை கட்டி நிற்கும். பார்வைக்கு அது நல்ல மூட்டுப் போலவே இருப்பதுதான் ஆபத்து. உள்ளே அடைபட்ட காற்று போக வழி வைக்காவிட்டால், கடைசி நொடியில் அது பித்தளையை ஊதித் தள்ளிவிடும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக ஆற வேண்டும்.

பிறகு நூல் போட்டுப் பார்ப்பது. ஹேண்டில்பாருக்குக் கீழே முன்னால் இருக்கும் ஹெட் டியூபைச் சுற்றிய நூலின் இரு முனைகளையும் இரண்டு டிராப்அவுட்டிலும் இழுத்துக் கட்டி, சீட்டைத் தாங்கும் சீட் டியூபிலிருந்து நூல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று இரு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரேம் கோணல். பழைய பிரேமில் புதுச் சக்கரம் மாட்ட 126-ஐ 130-ஆக விரிக்கும்போதும் இதே சோதனைதான். நடுவில் மரைக்கம்பி வைத்து ஒரேயடியாகத் தள்ளினால், வலுக் குறைந்த பக்கமே முழுதாக வளைந்து கொடுக்கும். பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் வீதம் தனித்தனியாக வளைக்க வேண்டும். ஒரு பாட நேரத்தில் சொல்லித் தரக்கூடிய விஷயம் இது.

பழுதே இப்படி என்றால், புது பிரேம் கட்டவோ டிஸ்க் பிரேக் மவுண்ட் வைக்கவோ யாரிடம் போவது? நல்ல டியூபின் சுவர் முனைகளில் 0.8, நடுவில் 0.5 மில்லிமீட்டராக இருக்கும். அந்த நடுப்பகுதியில் தண்ணீர் பாட்டில் தாங்கியை மாட்டும் ஸ்குரூவுக்கு இடம் வைக்கக் குறைந்த சூட்டில் உருகும் வெள்ளிக் கம்பிதான் ஏற்றது. வெள்ளி ஓட, ஒட்டும் இரு பாகங்களுக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். அதிகமானால் மூட்டு பிடிக்காது. இதை அறிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். நீங்களோ 'பழுது பார்ப்போம், சுற்றுச்சூழல் காப்போம்' என்று வண்ணச் சுவரொட்டி அடிக்கிறீர்கள். சுவரொட்டி ஒட்டுவதற்கும் பயிற்சி வகுப்பு உண்டோ என்னவோ, அது கட்டாயப் பாடமாகத்தான் இருக்கும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம். செலவுதான் தடை என்றால், பயிற்சிக்குப் புது டியூப் தேவையில்லை. கழித்துப் போட்ட ஒரு பிரேமை அறுத்தால் பத்துக்கு மேல் துண்டுகள் கிடைக்கும். மலிவு பிரேம்களின் டியூப் கனமானது, கை பழக அது போதும். மெல்லியதைக் கடைசியில் கொடுக்கலாம். தேர்வில் மாணவர் செய்த மூட்டைத் தயவுசெய்து மேலாகப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். ரம்பத்தால் நெடுக்காக அறுத்து, பித்தளை உள் விளிம்பு வரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேசிங் கட்டாயமாக வேண்டும், பட்டியலும் வேண்டும். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அறுத்துப் பார்க்க மாதிரி மூட்டுகளும், கழித்த பிரேம்களும் எங்களிடம் இருக்கின்றன. தேதி சொன்னால் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஸ்டீல் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் சிலர்