அவன் தாண்டிய கம்புக்கு அந்தப் பக்கம் மெத்தை போட்டவர்களுக்கு

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டியில் என் மகன் உயரம் தாண்டுதலில் 1.45 மீட்டர் தாண்டி இரண்டாவதாக வந்தான். வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஆனால் நன்றியை மட்டும் மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை, யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் பி.டி. சார். ஏழு வயதில் அவன் காலைப் பாதித்த அந்த விபத்து நடந்ததிலிருந்து விளையாட்டு பீரியட் வந்தால் என் பையனுக்கு மரத்தடியில் மற்ற பிள்ளைகளின் செருப்புக்கும் பைக்கும் காவல் இருப்பதுதான் வேலை. முன்பு படித்த இடத்தில் "விழுந்தால் யார் பொறுப்பு" என்று கேட்டார்கள், நானும் சரிதானே என்று இருந்துவிட்டேன். இந்த சார்தான் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்து, நான் தைத்துக்கொண்டிருந்த மிஷின் மேல் கைபேசியை வைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுகிற வீடியோவைக் காட்டினார். அவனுக்கு அல்ல, எனக்கு. பையன் ஏற்கெனவே தயாராகத்தான் இருக்கிறான், அம்மாதான் விட வேண்டும் என்றார்.

மாரியப்பனைப் பெயரளவில் தெரியும், நம் சேலத்துப் பிள்ளை, பெரியவடகம்பட்டி. அன்று ராத்திரிதான் முழுக் கதையையும் தேடிப் படித்தேன். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது பேருந்து ஏறி வலது காலில் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அவருடைய அம்மா சரோஜா அவர்கள் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார், வைத்தியத்துக்குக் கடனும் வாங்கியிருக்கிறார். அதைப் படித்த இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். பதக்கம் பற்றிப் பிறகு படித்துக்கொள்ளலாம், ஒரு கால் நசுங்கிய பிள்ளையை அந்த அம்மா எப்படி மைதானத்துக்கு அனுப்பினார், அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சரோஜா அம்மா, உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் மறுநாள் காலையில் நான் சாரிடம் சரி என்று சொன்னது உங்களால்தான்.

பயிற்சியாளர் சத்யநாராயணாவுக்கும் இங்கே ஒரு கும்பிடு. 2013-இல் தேசியப் போட்டியில் மாரியப்பனைப் பார்த்து, பெங்களூருக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தவர் அவர். 2016 மார்ச்சில் துனிசியாவில் பாராலிம்பிக்குக்குத் தாண்ட வேண்டிய தகுதி உயரம் 1.60, மாரியப்பன் தாண்டியதோ 1.78. அந்த செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89, தங்கம். பரிசுப் பணத்தில் 30 லட்சத்தைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதாக அறிவித்தார், என் பையனுக்குத் தங்கத்தைவிட இதுதான் ரொம்பப் பிடித்த விஷயம்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். மனசு இருந்தாலும் மெத்தை இல்லை. வெறும் மணலில் எத்தனை நாள் முதுகில் விழுவான்? சோபா கடை பாய் மூன்று மாதம் வெட்டு ஃபோமைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்துக் கொடுத்தார். மண்டி அண்ணன் வெங்காய மூட்டைக்கான வலைப்பைகள் கொடுத்தார். எதிர்வீட்டு அக்காவும் நானும் ராத்திரி உட்கார்ந்து அதில் ஃபோமை அடைத்து, மேலே தார்ப்பாய் வைத்துத் தைத்தோம், மிஷின் ஊசி ஏழு உடைந்தது. அதில்தான் இரண்டு வருஷமாக விழுந்து எழுகிறான். மாற்றுத்திறனாளி அட்டைக்காக மூன்று முறை அலைந்தபோதும் ஆட்டோ தம்பி கூடவே இருந்தான், ஒரு நடைக்கும் காசு வாங்கவில்லை. தம்பி, உன் தங்கை கல்யாணத்துக்கு அத்தனை ஜாக்கெட்டும் நான்தான் தைப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

போன வருஷம் அவன் ஒரே உயரத்தில் மூன்று முறையும் தட்டிவிட்டு வெளியே வந்து, இனிமேல் போக மாட்டேன் என்றான். அப்போது சார் சொன்னது டோக்கியோ பாராலிம்பிக் கதை. அங்கே தொடக்க விழாவில் கொடி பிடிக்க வேண்டியவர் மாரியப்பன், விமானத்தில் கூட வந்த ஒருவருக்குக் கொரோனா என்று தனிமையில் இருக்க வேண்டியதாகிவிட்டது. போட்டி அன்றைக்கோ மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் ஈரமாகிக் குதிக்கவே சிரமமாக இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியும் 1.86, வெள்ளி. தங்கம் வாங்கிய அமெரிக்காவின் சாம் கிரூவுக்கும் அவருக்கும் இரண்டே சென்டிமீட்டர்தான். அதோடு அவர் நிறுத்தவில்லை. 2024-இல் ஜப்பானின் கோபேயில் 1.88 தாண்டி உலக சாம்பியன், அதே வருஷம் பாரிஸில் 1.85, வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். இதையெல்லாம் சார் சொல்லச் சொல்ல என் பையன் ஒன்றும் பேசவில்லை, மறுநாள் ஐந்தரை மணிக்கு எழுந்து ஷூவைத் தேடினான்.

எனக்கு அந்த ஈர சாக்ஸ்தான் மண்டைக்குள்ளேயே நின்றது. பழைய குடைத் துணியை வெட்டி, அவன் கால் அளவுக்கு ஓர் உறை தைத்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், உள்ளே இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், அது தேவைப்படவில்லை. அவன் கிட்பேக்கில் பக்கத்து ஜிப்புக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.