பாப்பாவிடம் இப்போதே பேசுங்கள், மைனி

அன்புள்ள மைனி,

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு சாதி, நிறம் இதெல்லாம் என்ன தெரியும், நாமளா சொல்லிக்குடுத்தாத்தான் உண்டு" என்று போனில் சொன்னீர்கள். ஆனால், வகுப்பில் கடப்புறத்துப் பிள்ளை ஒருத்தியின் பக்கத்தில் உட்கார மாட்டேன், மீன் நாறும் என்று பாப்பா அடம்பிடித்ததைச் சொன்னதும் நீங்கள்தானே. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, சரி. ஆனால் தேங்காய் வெட்ட வருகிறவருக்கென்று ஒரு டம்ளர் திண்ணையில் தனியாகக் கிடப்பதையும், கல்யாணப் பேச்சு வந்தால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி "எந்த ஆளுங்க" என்று கேட்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நாம் ஒன்றும் சொல்லாததால் அதற்கெல்லாம் ஒரு காரணத்தை அவளே உண்டாக்கிக்கொள்கிறாள்.

நிறமும் இப்படித்தான் உள்ளே போகிறது. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 1940-களில் 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம், நிறம் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருந்த பொம்மைகளைக் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பாதிக்கு மேல் பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். மூன்று வயது, மைனி! வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய் என்று நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்?

பெரிய பிரசங்கம் ஒன்றும் வேண்டாம். பஸ்ஸில் கால் இல்லாத ஒருவரைக் காட்டி "அந்த மாமாவுக்கு ஏன் கால் இல்லை" என்று அவள் சத்தமாகக் கேட்டால் தொடையில் கிள்ளி வாயை அடைக்காதீர்கள், அப்படி அடைத்தால் அது ஏதோ அசிங்கம் என்றுதான் அவளுக்குப் பதியும். சிலருக்குப் பிறக்கும்போதே இருக்காது, சிலருக்கு விபத்தில் போயிருக்கும் என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், போதும். மீன் வாடையா? மீன் பிடிக்கிற வீட்டில் மீன் வாடை இருக்கும், ரப்பர் பால் எடுக்கிற நம் வீட்டில் ரப்பர் ஷீட் வாடை இருக்கிறதே. 2018-ல் கேரளாவில் வெள்ளம் வந்தபோது வள்ளத்தோடு போய் ஆட்களைக் காப்பாற்றியவர்கள் மீனவர்கள் என்று சொல்லுங்கள், பிள்ளை கண்ணை விரித்துக் கேட்பாள்.

அப்புறம் நம் கதையையும் சொல்லுங்கள். நம் சாதிப் பெண்கள் தோளை மறைக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் தடை இருந்தது. அதை மீறித் தோளை மறைத்துச் சீலை உடுத்தியதற்காக நம் பாட்டிமாரின் பாட்டிமார் சந்தையிலும் வழியிலும் அடி வாங்கினார்கள். 1859-ல்தான் அன்று நம் ஊரை ஆண்ட திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது, அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த வம்சத்துப் பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை, கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தால் அவளைச் சாமித்தோப்புக்குக் கூட்டிப்போங்கள். எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க, அந்தக் காலத்திலேயே சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் வைத்த முத்திரிக்கிணறு அங்கே இன்றும் இருக்கிறது. அந்தத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றிவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.

அடுத்த மாதம் பாப்பாவுக்குப் பிறந்தநாள். அந்தக் கடப்புறத்துப் பிள்ளையையும் அவள் அம்மாவையும் நீங்களே நேரில் போய் அழையுங்கள். நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்